கேட்பவன் யார் என்று தெரியாது: எம்டன் கப்பல் தொடங்கி நம் தேர் ஊர்வல வாக்கி-டாக்கி வரை



போன வாரம் நடந்த செயலவைக் கூட்டத்துல, வரப்போற ஆடித் திருவிழாவுக்கு வாக்கி-டாக்கி வாங்கலாமான்னு பேச்சு வந்தது. பன்னிரண்டு செட் வேணும். ஒரு தம்பி போன்ல விலைப்பட்டியலைக் காட்டினார். ஒரு செட் 60, 70 வெள்ளிக்கும் இருக்கு, 900 வெள்ளிக்கும் இருக்கு. "எது வாங்கினாலும் சரி, பிரைவசி உள்ளதா வாங்குங்க. போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது" என்று ஒரு அம்மா எழுந்து சொன்னார். மண்டபமே அமைதியாகிவிட்டது. தொண்டர் படை சார்பில் நாங்கள் விசாரித்து எழுதுகிறோம் என்று ஒத்துக்கொண்டோம். படிக்கப் படிக்க இது கடைச் சாமான் விஷயமாகத் தெரியவில்லை, நூறு வருஷத்துக்கு மேலான ஒரு சரித்திரமாக இருந்தது. அதனால் பதிவு நீளமாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷம் என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். பால்குட ஊர்வலம் திரும்பும்போது ஒரு அம்மா மயங்கி விழுந்தார். அருகில் இருந்த தொண்டர் பதற்றத்தில் வாக்கி-டாக்கியை எடுத்து அவருடைய பெயர், என்ன நோய், என்ன மருந்து சாப்பிடுகிறார், வீட்டில் என்ன பிரச்சினை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உதவி உடனே வந்தது, அந்த அம்மாவும் நல்லபடியாக எழுந்துவிட்டார். ஆனால் அன்னதானப் பந்தலில் நின்ற இன்னொரு தொண்டரின் இடுப்பில் இருந்த செட்டு முழுச் சத்தத்தில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்திருந்த நூறு பேரும் கேட்டார்கள். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை.

அதே நாள் இரவு, உண்டியல் எண்ணி முடித்த சேதியை நம் ஆள் ஒருவர் செட்டில் சொன்னார். "ரெண்டு பேர் காரில் எடுத்துட்டு கிளம்புறாங்க" என்று அவர் முடித்ததும் "ஓகே பாஸ்" என்று ஒரு குரல் பதில் சொன்னது. அது நம் ஆள் இல்லை. யாரென்று இன்று வரை தெரியாது. எதுவும் திருடு போகவில்லை, அம்மன் காப்பாற்றினாள். ஆனால் அந்த ரெண்டு பேரும் வீடு போய்ச் சேரும் வரை எங்களுக்கு உயிர் கையில் இல்லை.

இந்த "அது நம் ஆள் இல்லை" என்பதுதான் கம்பியில்லாத் தந்தி பிறந்த நாளிலிருந்து இருக்கும் விஷயம். அதற்கு முன்பு தோட்டத்தில் எல்லாம் எப்படி இருந்தது? விடியற்காலையில் பெரட்டுக்குக் கூப்பிட தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள், அல்லது தப்பு அடிப்பார்கள். திருவிழாவில் தேர் முன்னால் போகிறவர்களுக்குச் சேதி சொல்ல ஒரு பையன் சைக்கிளில் ஓடுவான். சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அதற்குள் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், அதற்கு வெளியே யாருக்கும் தெரியாது. கேட்டவன் யாரென்று நம் கண்ணுக்குத் தெரியும். ரேடியோ வந்ததும் இது மாறிப்போனது. பேசுகிறவன் ஒரு விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவன் மாதிரி. கேட்கிறவன் இருட்டில் நிற்கிறவன்.

இதற்கு நம்ம தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் எம்டன். "அவன் சரியான எம்டன்டா" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். தந்திரசாலி, லேசுப்பட்டவன் இல்லை என்று பொருள். அந்தப் பேச்சு வந்ததே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனால்தான். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அது மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. அக்டோபர் 28-ஆம் தேதி விடியற்காலையில் நம் பினாங்குக்கு வந்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. தூரத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் என்று நினைக்கட்டும் என்று போலியாக நான்காவது ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. வெளியே போகும்போது மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது.

(செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் ஒரு சேதி சுற்றும். அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அவர் பெருமைக்கு அவர் செய்த காரியங்களே போதும்.)

ஒற்றைக் கப்பல் இத்தனை நாள் எப்படிப் பிடிபடாமல் இருந்தது? அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தன் கப்பலின் ரேடியோவை வாய் மூட வைத்திருந்தார், காதை மட்டும் திறந்து வைத்திருந்தார். மற்ற கப்பல்கள் ஒன்றோடு ஒன்று பேசுவதை எம்டன் கேட்டுக்கொண்டே இருந்தது. அர்த்தம் புரியாத சங்கேத மொழியாக இருந்தாலும், சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்தே எதிரி நெருங்குகிறானா விலகுகிறானா என்று கணித்தார்கள். போதாததற்கு, பிடித்த கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்களில் எந்தக் கப்பல் எப்போது கிளம்புகிறது என்று அச்சடித்தே இருந்தது!

கடைசியில் எம்டன் மாட்டியதும் ரேடியோவால்தான். 1914 நவம்பர் 9-ஆம் தேதி, கோக்கோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. தன் நிலக்கரிக் கப்பலைக் கூப்பிட எம்டன் ரேடியோவில் பேசியது. நிலையத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்டுவிட்டது. யார் நீ என்று கேட்டார்கள், சரியான பதில் இல்லை. ஜெர்மன் ஆட்கள் கரையிறங்கிக் கருவிகளை உடைப்பதற்குள், அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் படைக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி திரும்பி வந்தது. எம்டன் கதை அன்றே முடிந்தது. அத்தனை நாள் வாயை மூடியிருந்தவன் ஒரு தடவை திறந்தான், அவ்வளவுதான்.

அதே 1914 ஆகஸ்டு கடைசியில் ஐரோப்பாவில் டானன்பெர்க் என்ற இடத்தில் இன்னும் பெரிய கூத்து நடந்தது. ரஷ்யப் படைகள் நாளைக்கு எங்கே போகிறோம் என்ற கட்டளைகளைச் சங்கேதம் இல்லாமல் வெறும் பேச்சாகவே ரேடியோவில் அனுப்பின. ஜெர்மானியர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். ஒரு முழுப் படையே அழிந்தது, அதன் தளபதி சம்சோனோவ் தன்னையே சுட்டுக்கொண்டார். நம்ம உண்டியல் சேதி சொன்ன தம்பியை யாரும் திட்ட வேண்டாம். சேனாதிபதிகளே செய்த தப்பு அது.

ஒளிந்திருந்து கேட்கிறவன் எப்போதும் கெட்டவன் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜப்பான்காரன் ஆட்சியில் நம் நாட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், வெளிநாட்டுச் சிற்றலை நிலையங்களைக் கேட்கக் கூடாது என்று இருந்தது. கேட்டு மாட்டினால் சித்திரவதை. பேராக் மாநிலம் பாப்பானில் சிபில் கார்த்திகேசு என்ற தாதி இருந்தார். யுரேசியப் பெண்மணி, இலங்கைத் தமிழ் வழிவந்த டாக்டர் கார்த்திகேசுவை மணந்தவர். போராளிகளுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தார், வீட்டுக்குள் ரேடியோ மறைத்து வைத்து பிபிசி கேட்டு, போரின் உண்மைச் சேதிகளை மற்றவர்களுக்குச் சொன்னார். அந்த ரேடியோவுக்கு "ஜோசபின்" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜோசபின் என்ன சொன்னாள் என்று கேட்டால் வெளியாளுக்கு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சாகத்தான் தெரியும்.

1943-ல் ஜப்பானியர் அவரைப் பிடித்தார்கள். கொடுமையான சித்திரவதை. அவருடைய சின்ன மகளை அவர் கண் முன்னாலேயே தீயில் இறக்குவோம் என்று மிரட்டினார்கள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. போர் முடிந்து விடுதலையானார், பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. ஆனால் உடம்பு தேறவே இல்லை. 1948 ஜூன் 12-ஆம் தேதி இறந்தார். ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நம் விஷயத்துக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கேட்பது மட்டும் செய்யும் ரேடியோ, பேசும் ரேடியோவைப் போல அலையை வீசிக் காட்டிக்கொடுப்பதில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டவர்களைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்தது மனிதர்கள்தான். இன்றைக்கும் அதே விதிதான். நம் சேனலை யார் கேட்கிறார்கள் என்று சொல்லக்கூடிய செட்டு எந்தக் கடையிலும் கிடையாது.

இனி வாக்கி-டாக்கிக்கு வருவோம். இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் ரெண்டு மூன்று பெயர் வரும். கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் என்பவர் 1937-ல், சுரங்கக் கம்பெனியின் விமானிகள் காட்டில் இறங்கினால் பேசுவதற்காகக் கையில் தூக்கிப் போகும் பெட்டியைச் செய்தார். அமெரிக்காவில் ஆல் கிராஸ் என்ற இளைஞர் 1938-ல் கைக்கடக்கமாக ஒன்று செய்தார். உலகப் போரில் இதைப் பெரிய அளவில் செய்து கொடுத்தது சிகாகோவில் இருந்த கால்வின் கம்பெனி, அதுதான் பிறகு மோட்டோரோலா. 1941-ல் வந்த அவர்களுடைய கைச் செட்டு சுமார் 2.3 கிலோ. அதற்கு அவர்கள் வைத்த பெயர் "ஹேண்டி-டாக்கி". முதுகில் சுமக்கும் பெரிய பெட்டி 1943-ல் வந்தது, 15 கிலோவுக்கு மேல். வாக்கி-டாக்கி என்று முதலில் பெயர் எடுத்தது அந்த முதுகுப் பெட்டிதான். இன்று நாம் கையில் பிடிப்பதற்கு அந்தப் பெயர் இறங்கி வந்துவிட்டது. அதே மோட்டோரோலா 1970-களில் பினாங்கில் தொழிற்சாலை திறந்து, இந்த ரேடியோக்களை நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தது நமக்கெல்லாம் தெரியும். நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள்!

அவசரகாலத்தில் காட்டுப் பக்கம் இருந்த போலீஸ் நிலையங்களுக்கு ரேடியோதான் உயிர்நாடி. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1951 அக்டோபர் 6-ஆம் தேதி ஹைகமிஷனர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட வந்த போலீஸ் வயர்லெஸ் வண்டி அதற்கு முன்பே பழுதாகி வழியில் நின்றுவிட்டிருந்தது. மலாக்காவில், நமக்குப் பக்கத்திலேயே டெரெண்டாக் முகாம் வந்ததும் காமன்வெல்த் சிப்பாய்கள் கையில் விதவிதமான செட்டு. சாதாரண மக்கள் கைக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது.

இப்போ முக்கியமான இடம். பெட்டி மேல் "121 பிரைவசி கோட்" என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

ஒரே அலைவரிசையை டாக்சிக்காரர், காவலாளி, லாரிக்காரர் என்று பல கூட்டம் பங்கு போட வேண்டியிருந்தது. மற்றவர் பேச்சு நாள் முழுக்கக் காதில் விழுவது தொல்லை. அதற்கு ஒரு வழி செய்தார்கள். பேசும் குரலுக்கு அடியில், காதுக்குச் சரியாகக் கேட்காத ஒரு மெல்லிய ஒலியைச் சேர்த்து அனுப்பினார்கள். 67-லிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை, மிகவும் அடித்தட்டுச் சுருதி. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். விடாமல் ஒரே சுருதி. நம் செட்டு நம்முடைய ஒத்து கேட்டால்தான் காதைத் திறக்கும், வேறு ஒத்து என்றால் மூடியே இருக்கும். சாதாரண செட்டுகளில் இப்படி 38 சுருதி. பிறகு எண்களால் ஆன கோட் 83 சேர்ந்தது. ஆக 121.

இதற்கு மோட்டோரோலா வைத்த வியாபாரப் பெயர் "பிரைவேட் லைன்". ஆர்சிஏ கம்பெனி அதே சமாச்சாரத்துக்கு "குவையட் சேனல்", அதாவது அமைதியான சேனல் என்று பெயர் வைத்தது. நேர்மையான பெயர் இரண்டாவதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம். மற்றவன் பேச்சு நமக்குக் கேட்காது, அவ்வளவுதான். நம் பேச்சு மற்றவனுக்குக் கேட்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. சுருதி பார்க்காமல் காதைத் திறந்தே வைத்திருக்கும் செட்டுக்கு எல்லா ஒத்தும் ஒன்றுதான். பல செட்டுகளில் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் போதும், அந்தச் சேனலில் இருக்கும் எல்லாமே கேட்கும். 22 சேனல், 121 கோட், ஆக 2,662 சேனல் என்று விளம்பரம் போடுவான். இருப்பது 22 மண்டபம்தான் ஐயா. மண்டபத்துக்குள் 121 கூட்டம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பஞ்சை வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்துக் கூட்டம் பேசிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாது. ஆனால் அலை ஒன்றுதான். அவர்கள் பேசும் நேரத்தில் நாம் பேசினால் ரெண்டும் மோதி, நம் சேதி போய்ச் சேராமலே போகலாம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தேர் சந்திப்பில் திரும்பும்போது "நிறுத்து" என்று முன்னால் மூங்கில் கம்போடு போனவர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். பின்னால் ஒருவருக்கும் விழவில்லை. அவர் கையை ஆட்டிக் கத்தியதால்தான் தேர் நின்றது. கலசத்துக்கும் மேலே போன கம்பிக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அப்போது ஒருவரும் காரணம் யோசிக்கவில்லை, பேட்டரி வீக் என்று விட்டுவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் காவலாளிகளும் அதே சேனலில் லாரி எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2022 ஏப்ரல் 27-ஆம் தேதி தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்தச் சேதியைப் படித்த பிறகு "நிறுத்து" என்ற ஒரு சொல் போய்ச் சேருவது எங்களுக்கு இரகசியத்தைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. அதனால் கூட்டத்தில் கேட்ட கேள்வியை நாங்கள் இரண்டாகப் பிரிக்கிறோம். நம் சேதி நம்மவர்களுக்குப் போய்ச் சேருகிறதா என்பது ஒன்று. மற்றவர்களுக்குப் போகாமல் இருக்கிறதா என்பது இன்னொன்று. பெட்டி மேல் எழுதியிருக்கும் பிரைவசி கோட் இரண்டாவதைச் செய்யாது, சில சமயம் முதலாவதையும் கெடுக்கும்.

சரி, காசு அதிகம் போட்டால்? "ஸ்கிராம்பிளர்" என்று சில செட்டில் இருக்கும். குரலின் மேல் சுருதியைக் கீழாகவும் கீழ்ச் சுருதியை மேலாகவும் புரட்டி அனுப்பும். வாத்து கத்துவது போல் கேட்கும். ஆனால் அதே மாடல் வாங்கியவன் அதே பட்டனை அழுத்தினால் தெளிவாகக் கேட்பான். அடுத்தது டிஜிட்டல். 2005-ல் ஐரோப்பாவில் டிஎம்ஆர் என்ற தரமுறை வந்தது. சத்தம் சுத்தமாக இருக்கும், பேட்டரி கொஞ்சம் கூட நிற்கும். ஆனால் டிஜிட்டல் என்றாலே இரகசியம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே பூட்டு தனியாகப் போட வேண்டும், அந்தப் பூட்டும் விலைக்குத் தகுந்தபடிதான். நல்ல பூட்டு உள்ள செட்டு நம் கோயில் வரவுசெலவுக்குள் அடங்காது.

பெரிய பூட்டே உடைந்த கதையும் உண்டு. பல நாடுகளில் காவல்துறையும் துறைமுகங்களும் பயன்படுத்தும் டெட்ரா என்ற ரேடியோ முறை இருக்கிறது. அதன் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பல வருஷமாக வெளியே சொல்லாமலே வைத்திருந்தார்கள். 2023 ஜூலையில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு பூட்டுக்குச் சாவி 80 பிட் நீளம் என்று சொல்லியிருந்தார்கள், உள்ளே அது 32 பிட்டாகச் சுருக்கப்பட்டிருந்தது. சாதாரணக் கணினியே திறந்துவிடும் அளவு. ஹெடி லாமர் என்ற சினிமா நடிகையும் ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசைக்காரரும் 1942-லேயே, பியானோ கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளில் தாவித் தாவிப் பேசும் முறைக்கு உரிமம் வாங்கினார்கள். எதிரி பிடிக்க முடியாதபடி. அமெரிக்கக் கடற்படை அதை அப்போது மதிக்கவில்லை. நல்ல யோசனை நடிகை சொன்னால் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது.

இப்போது சிம் கார்டு போட்ட வாக்கி-டாக்கியும் வந்துவிட்டது. பார்க்க வாக்கி-டாக்கி மாதிரி இருக்கும், வேலை செய்வது கைப்பேசிக் கோபுரம் வழியாக. கோலா சுங்கை பாருவிலிருந்து கோலாலம்பூர் வரை பேசலாம். பக்கத்தில் நிற்கும் செட்டு திருட்டுத்தனமாகக் கேட்க முடியாது. ஆனால் பேச்சு யாரோ ஒரு கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் போகிறது, வருஷச் சந்தா உண்டு. அதைவிட முக்கியம், திருவிழாக் கூட்டத்தில் எல்லோரும் நேரலை போட ஆரம்பித்தால் லைன் திணறும். தேர் நிறுத்துவதற்கு அதை நம்ப எங்களுக்கு மனசு வரவில்லை. உண்டியல், மருத்துவம் மாதிரி விஷயத்துக்கு இருக்கவே இருக்கிறது கைப்பேசி, நேரடியாக அழைத்துச் சொல்லிவிடலாம்.

சட்டம் பற்றியும் கொஞ்சம். நம் நாட்டில் அலைவரிசைகள் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் எம்சிஎம்சி கையில் இருக்கின்றன. தனி உரிமம் இல்லாமல் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்று 477 மெகாஹெர்ட்ஸ் பகுதியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சக்தி வரம்பு உண்டு, செட்டில் சிரிம் முத்திரை இருக்க வேண்டும். ஆன்லைனில் வரும் மலிவு செட்டுகள் பல, வேறு நாட்டு அலைவரிசைகளைப் போட்டு வருகின்றன. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு 462, 467. அதை இங்கே அப்படியே தட்டினால் வேறு யாருக்கோ ஒதுக்கிய இடத்தில் நாம் சத்தம் போடுகிறோம். மேலும், ஒரே கம்பெனியிலிருந்து வரும் மலிவு செட்டுகளில் 16 சேனலும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி போட்டு வரும். அதனால்தான் சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் பெட்டியைப் பிரித்த அன்றே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கிறார்கள். போன வருஷம் "ஓகே பாஸ்" சொன்னவர் திருடனாக இருக்க வேண்டியதில்லை. நம்மைப் போலவே அதே செட்டு வாங்கிய ஒரு கல்யாண வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

அடுத்தவர் தொடர்பை இடைமறித்துக் கேட்பதும் அதை வெளியே சொல்வதும் குற்றம் என்று அந்தச் சட்டத்தின் 234-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் அலை சட்டம் படிப்பதில்லை, செம்பனை மரத்துக்கு நடுவேயும் போகும், வேலி தாண்டியும் போகும்.

தூரக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். "10 கிலோமீட்டர்" என்று பெட்டியில் போட்டிருப்பது மலை உச்சியிலிருந்து மலை உச்சிக்கு. நம்ம பக்கம் கடலோரத்தில் வெட்டவெளியாக இருந்தால் நன்றாகப் போகும். கடை வரிசைக்குள்ளும் தோப்புக்குள்ளும் ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டாலே பாக்கியம். நம் தேர் போகும் பாதைக்கு அது போதும்.

இத்தனையும் பார்த்த பிறகு தொண்டர் படை முடிவு இது. 900 வெள்ளிச் செட்டு வேண்டாம். வேலையிடத்தில் எங்களில் சிலர் அதைப் பயன்படுத்துகிறோம், நல்ல சாமான்தான். ஆனால் வருஷத்துக்கு ரெண்டு நாள் வேலைக்கு பக்தர்கள் காசை அதில் போட மனம் ஒப்பவில்லை. சிரிம் முத்திரையோடு 477-ல் வேலை செய்யும் நடுத்தர விலைச் செட்டு, பன்னிரண்டும் ஒரே மாடல், ஒன்றின் பேட்டரி இன்னொன்றுக்குப் பொருந்த வேண்டும். ஒரு செட்டின் விலையில் குறைத்தாவது எல்லாவற்றுக்கும் காதுக்குழாய் வாங்க வேண்டும். போன வருஷம் அந்த அம்மாவின் மானத்தை வாங்கியது திருட்டுத்தனமாகக் கேட்டவன் இல்லை, நம் இடுப்பில் இருந்த ஒலிபெருக்கி. 15 வெள்ளிக் காதுக்குழாய் அதைத் தடுத்திருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு தடவை வாடகைக்கு எடுத்துப் பாதை முழுக்க நடந்து பார்ப்பது நல்லது என்றும் சொன்னார்கள், அதையும் ஒத்துக்கொண்டோம்.

தேர் நிறுத்தும் சேனலில் வேறு பேச்சு கிடையாது. சாப்பாடு எங்கே, சாவி எங்கே எல்லாம் இன்னொரு சேனல். சேனல் காலியா என்று அந்தப் பக்கப் பட்டனை அழுத்திக் கேட்டுவிட்டுத்தான் காலையில் தேர் வடம் பிடிக்க வேண்டும். யாருடைய பெயரும், நோயும், வீட்டு விலாசமும், காணாமல் போன பிள்ளையின் விவரமும் செட்டில் சொல்லக் கூடாது. "முதலுதவி, வேப்பமரம்" என்று இடத்தைச் சொன்னால் போதும், ஆள் ஓடி வருவார். காசு விஷயம் வாயிலேயே வரக் கூடாது.

அந்தக் குடும்பத்தை நாங்கள் நாலு பேர் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் போய்ப் பார்த்தோம். அந்த அம்மா கோபமாகப் பேசவில்லை, தேத்தண்ணி கொடுத்தார். "நீங்க வேணும்னு செய்யல, தெரியுது. ஆனா மறுநாள் கடைக்குப் போனா என் மருந்து பேர் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தோம். ஆடிக்கு வருவேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செட்டு வாங்க உபயம் செய்ய விரும்புகிறவர்கள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். தொண்டர்கள் அனைவரும் வரும் சனிக்கிழமை மாலை பூஜை முடிந்ததும் மண்டபத்துக்கு வர வேண்டும். "சேதி கேட்டேன்" என்பதற்கும் "அவசரம்" என்பதற்கும் சில சங்கேதச் சொற்கள் வைத்திருக்கிறோம். அவை என்னவென்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், நேரில்தான் சொல்வோம்.